இருபத்து மூன்றாவது நொடி

மேலூர் ரோட்டு ஆஸ்பத்திரியின்
இரட்டை சர்வர்களுக்கு
மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் என்று
பெயர் வைத்தவன் நான்தான்.
ஒன்று படுத்தால்
எல்லா வண்டியும் மற்றதிலிருந்து கிளம்பும்,
பயணிக்குத் தெரியவே கூடாது.
மதுரைக்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

நடுவில் ஒரு கண்காணி.
நூற்றுப் பதினான்கு வரி ஸ்கிரிப்ட், என் கைப்பட.
பத்து நொடிக்கு ஒருமுறை போய்
டேட்டாபேஸைத் தட்டிக் கேட்கும்: இருக்கிறாயா?
பூஜ்யம் என்று பதில் வந்தால் நலம்.
ஏழு என்றால் ஓடவில்லை.
ஏழரைக்குத் தனி எண் கிடையாது,
அது வரும்போது தெரியும்.
பதிலே வராவிட்டால்
இருபது நொடி பொறுக்கும்.

இருபது எங்கிருந்து வந்தது?
மாதிரிக் கோப்பில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஆவணியில் ஒரு வியாழன், இரவு இரண்டு பத்து,
பேக்கப் ஓடுகிற நேரம்.
கேள்வி போனது.
மாட்டுத்தாவணி பதிலை எடுத்துக்கொண்டு கிளம்பியும்விட்டது,
கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறது என்று வையுங்கள்.
இருபத்து மூன்றாவது நொடியில் வந்து சேர்ந்தது:
பூஜ்யம். நலம்.

வாங்க ஆளில்லை.
மூன்று நொடிக்கு முன்பே
இறந்ததாக எழுதியாயிற்று.
கிளஸ்டர் நில் என்றது.
நிற்கவும் அதற்கு நேரம் பிடித்தது.
நிற்கத் தெரியாததை நம்பக்கூடாது என்பது சட்டம்,
மின்சாரத்தைப் பிடுங்கினார்கள்.

ஆரப்பாளையம் எழுந்தது.
பாதியில் கிழிந்த கணக்கை ஒட்டிக்
கதவு திறக்க அதற்குத் தொண்ணூறு நொடி வேண்டும்.
நான் கொடுத்திருந்தது அறுபது.
எழுந்துகொண்டிருந்ததையும்
எழவில்லை என்று எழுதி அடைத்தார்கள்.

ஒரு சாவும் நடக்காமல்
இரண்டு நிலையமும் மூடிக்கிடந்த ராத்திரி அது.
மூன்றாம் மாடி நர்ஸ் அற்புதமேரி
பொட்டாசிய அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
படியிறங்கி வந்து விரித்துக் காட்டினார்:
ஆறு புள்ளி இரண்டு.
"டாக்டருக்கு போன்ல சொல்லிட்டேன்.
இத எங்க சார் ஏத்தறது?"

மலைத்தோட்டங்களில் கண்காணி என்ற சொல்லுக்கு
நல்ல பெயர் இல்லை.
பிரம்பு நான் கொடுத்தது.

காலையில் மேனேஜர் சுகந்தன் சொன்னார்:
அறுநூறு போட்டுவிடு, பிரச்சினையே வராது.
வராதுதான்.
நிஜமாகவே செத்துப்போனால்
பத்து நிமிடம் பிணத்திடம்
நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்.

வாட்ச்மேன் பவுன்ராஜ் மணிக்கொருமுறை
சர்வர் அறைக் கண்ணாடியைத் தட்டுவார்.
திரும்பாமல் கையைத் தூக்குவேன்.
எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.
பங்குனியில் ஒருநாள் மேசையில் கவிழ்ந்து தூங்கிவிட்டேன்,
கை எழவில்லை.
அவர் கதவை உடைக்கவில்லை,
யாரையும் எழுப்பவில்லை.
போய் ஒரு டீ சொல்லி, ஆற்றி, குடித்து,
காசு கொடுத்துவிட்டு வந்து
மறுபடி தட்டினார், கொஞ்சம் பலமாக.
எந்தக் கோப்பிலும் இல்லாத டைம்அவுட்.
என் தூக்கத்தை அவர் பல மாதமாய்ப் பார்த்திருக்கிறார்,
வேறொன்றுமில்லை.

அதனால் நானும் பார்த்தேன்.
ஏழு இரவு, நோட்டுப் போட்டு.
மூன்று நொடி, நான்கு, மூன்று,
இரண்டு பத்துக்கு இருபத்தாறு,
மாதக் கடைசியில் முப்பத்தொன்று.
அதன் மேல் ஒரு டீ ஆறும் நேரம் சேர்த்து
அறுபது.
நிற்க நூற்றிருபது.
எழ நூற்றெண்பது, எழுவதுதான் கஷ்டம்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
ஏன் என்று ஒரு வரி,
எனக்கு அடுத்து வருகிறவன் ஏசாமலிருக்க.

இன்று இரண்டு பத்து.
பதினெட்டு. பத்தொன்பது. இருபது.
விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.
இருபத்து மூன்று தாண்டிப் போகிறது.
வெளியே கிரானைட் லாரி ஒன்று
மூச்சிரைத்துக் கியர் மாற்றுகிறது.
இருபத்தெட்டு.
இருபத்தொன்பது.

பூஜ்யம்.

கண்ணாடியில் யாரோ தட்டுகிறார்கள்.
கையைத் தூக்குகிறேன்.